தன் கையும் தொழில்காரன் கையும்

வீட்டில் ஒன்று பழுதுபட்டால் அதைத் தானே சரிசெய்து கொள்வதா, தொழில் தெரிந்தவனை அழைப்பதா என்று யோசிக்கும்போது, வேலை சுலபமா கடினமா என்ற ஒன்றையே மனிதர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் பையனாகச் சேர்ந்து, பிறகு ஃபிட்டராகவும், பரீட்சை எழுதித் தேறியபின் வயர்மேனாகவும் இருந்து, பணி ஓய்வு பெறும் வரையிலும் அதற்குப் பிறகும் தோட்டத்து லயங்களில் குழாயும் கம்பியும் கூரையுமாகவே காலம் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கணக்குப் போதாது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சுலபமான வேலைகளில்தான் நான் பெரிய அபாயங்களைக் கண்டிருக்கிறேன். கடினமானவை என்று பேர் வாங்கிய பல வேலைகளை, எழுத்து வாசனை இல்லாத கொழுந்து பறிக்கும் பெண்கள் செம்மையாகச் செய்து முடித்ததையும் கண்டிருக்கிறேன்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் பாதையில், திரிங்காப்பைத் தாண்டி இறங்கினால் வருவது எங்கள் கோலா தெர்லா. மேட்டில் தேயிலை, சரிவில் காய்கறி, பள்ளத்தில் தெலோம் ஆறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தக் கேமரன் மலையில், பகலில்கூட வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறுவது அபூர்வம் என்பதால், நனைந்த பொருள் காய்வதற்குள் மறுபடியும் நனைந்துவிடும். ஆணி துருப்பிடிக்கும், பலகை ஊதும், அலமாரிக்குள் மடித்து வைத்த துணியிலும் பூஞ்சணம் ஏறும். ஈப்போவிலோ தாப்பாவிலோ பத்து வருஷம் தாங்குகிற வேலை இங்கே அதில் பாதிக் காலம் தாங்குவதும் சந்தேகம். ஆகையால் இந்த மலையில் குடியிருப்பவன் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளாமல் வாழ முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. அதன் பழுதும் தோட்டத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் மண்டோரிடம் சொல்ல வேண்டும், மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி புத்தகத்தில் எழுதித் துரையின் கையெழுத்துக்கு வைப்பார், அதன் பிறகு தோட்டத்துத் தச்சரோ கொத்தனாரோ தம் முறை வரும்போது வருவார். 1966 ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. 1990 இல் அதற்குப் பதிலாக விரிவான வேறொரு சட்டம் வந்தது. எனினும் சட்டத்துக்கும் ஒழுகும் கூரைக்கும் இடையே இருந்த நாட்கள், படுக்கையை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மழைக்காலத்தைக் கழித்த குடும்பங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காத்திருப்பே லயத்து ஜனங்களைப் பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவர்களாக்கியது.

அவர்களுள் ஓர் அக்காளை நான் மறக்க இயலாது. கணவர் காலமான பின் மூன்று பிள்ளைகளோடு கடைசி வீட்டில் இருந்தவர். பிஸ்கட் டின் ஒன்றில் ஸ்பானர், இடுக்கி, சணல் நார், பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் எல்லாம் வைத்திருப்பார். குழாய் சொட்டத் தொடங்கினால், மேல் வால்வை அடைத்து, குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை வெளியே எடுத்து, அதையே அளவாக வைத்து டியூபில் புதிய வாஷர் வெட்டிப் போட்டுவிடுவார். டெஃப்லான் டேப் எங்கள் கடைகளுக்கு வந்த புதிதில் அதை எப்படிச் சுற்றுவது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்: மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் குழாயை முடுக்கும்போதே டேப் பிரிந்து திரண்டு வந்துவிடும். ஒரே தடவைதான் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் குழாய் வேலைக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

தண்ணீர் நேர்மையானது. இணைப்புச் சரியில்லை என்றால் அடுத்த கணமே கசிந்து காட்டிவிடும். இன்னும் கொஞ்சம் முடுக்கிப் பார்க்கலாம், அதுவும் பயன்படாவிட்டால் கழற்றி முதலிலிருந்து செய்யலாம். மிஞ்சிப் போனால் தரை ஈரமாகும். ஓடையிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து லயத்துக்கும் வந்த அந்தக் காலத்து இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்துக்கொண்டு, பிறகு கறுப்பு பாலிபைப் வந்தபோது, பதிக்கும் வேலையில் பாதியை லயத்து இளைஞர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூரை விஷயம் அவ்வளவு நேரானதன்று. தகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடிக்கக்கூடாது. மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது படியும் பக்கம் காற்றடிக்கும் திசைக்கு எதிராக வாயைத் திறந்துகொண்டு இருக்கக்கூடாது. இவை இரண்டும் தெரிந்தவன் தன் சமையற்கட்டுக்குத் தானே தகரம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது, அதைச் சரிசெய்வதைவிடப் பெரிய காரியம். பல வருஷங்களுக்கு முன், மேட்டு லயத்தில் ஒருவர் கூரை முழுவதும் தார் பூசியும் ஒழுகல் நிற்கவில்லை என்று என்னிடம் வந்தார்.

“அண்ணே, இன்னும் ரெண்டு டின் தார் வாங்கியாந்திருக்கேன். நீங்க வந்து ஓட்டை எங்கன்னு மட்டும் காட்டுங்க” என்றார்.

எப்போது சொட்டுகிறது என்று கேட்டேன். விடியற்காலையில் என்றார். மழை பெய்த இரவுகளிலா என்றதற்கு, சற்று யோசித்துவிட்டு, மழை இல்லாத நாளில்தான் அதிகம் என்றார். கூரையில் ஓட்டையே இல்லை. குளிருக்கு அஞ்சிக் காற்றுப் போகும் சந்துகளையெல்லாம் கந்தலும் காகிதமும் வைத்து அடைத்திருந்தார்கள். இரவெல்லாம் மனிதர் விட்ட மூச்சும், சோறு வடித்த ஆவியும், வெளியே குளிர்ந்து கிடந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் நீராகத் திரண்டு விடியும் வேளையில் சொட்டின. கூரைச் சந்தில் அடைத்திருந்ததை எடுத்துவிட்டு வலைக்கம்பி அடித்தோம், சொட்டுவது நின்றது. தொழில்காரனை அழைப்பதில் உள்ள பிரயோஜனத்தில் பாதி, அவன் கையால் செய்வதில் இல்லை, அவன் கேட்கும் கேள்வியில் இருக்கிறது என்பதற்கு இதையே நான் பலரிடமும் எடுத்துக் காட்டியிருக்கிறேன். வேலை முழுவதையும் ஒப்படைக்கப் பணம் இல்லாவிட்டாலும், வந்து பார்த்து நோயைச் சொல்லிப் போவதற்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, வைத்தியத்தைத் தாமே செய்துகொண்ட குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய உண்டு.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை அறுக்கவும் துளைக்கவும் உடைக்கவும் வீட்டுக்காரன் முயலக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகு நோயாக வெளிப்படும். அதன்மேல் ஏறி நடப்பதும் அப்படியே. பாசி படர்ந்து, பார்வைக்குத் திடமாகத் தெரியும் ஓடு, சட்டம் இல்லாத இடத்தில் கால் வைத்தவுடன் உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

இனி மின்சாரம். எங்கள் தோட்டத்தில் முதலில் இருந்தது ஸ்டோரின் ஜெனரேட்டர். பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும், குழந்தைகள் படித்து முடிக்கும் வேளைக்கு அணைந்துவிடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு என்பதற்கு மேல் அன்று யாருக்கும் எண்ணம் ஓடியதில்லை. தெலோம் ஆற்று நீரைச் சுரங்க வழியாகப் பெர்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி 1960களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட நீர்மின் திட்டம் எங்கள் மலையிலேயே இருந்தபோதிலும், எங்கள் லயங்களுக்குத் தேசிய மின்சார வாரியத்தின் கம்பி வந்து சேர மேலும் காலம் பிடித்தது. அந்த வாரியம் 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆனது. கம்பி வந்த பிறகு இஸ்திரிப் பெட்டி வந்தது, சோற்றுப் பானை வந்தது, குளிர்ப்பெட்டி வந்தது. சுவருக்குள் ஓடிய வயர் மட்டும் இரண்டு விளக்குக்காகப் போட்ட பழைய ரப்பர் வயராகவே இருந்தது. ரப்பர் முதிர்ந்தால் காய்ந்து வெடித்து, தொட்டால் பொடியாக உதிரும். சுவரோ பலகை.

ஃபியூஸ் அடிக்கடி போவதைக் கண்ட ஒருவர் அதற்கு மாற்றாகத் தடித்த செம்புக்கம்பியைப் போட்டார். மற்றொருவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்தார். இரண்டு வீடுகளிலும் அதன் பிறகு ஃபியூஸ் போகவேயில்லை. பழுது தீர்ந்தது என்று அவர்கள் மனமார நம்பினார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது இஸ்திரிப் பெட்டியை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. ஐந்து ஆம்பியர் தாங்கும் வயரில் பதினைந்து ஆம்பியர் ஓடும்போது, உருகிப்போக வேண்டிய கம்பி உருகாவிட்டால், சூடேறுவது சுவர். அந்த இரண்டாம் வீட்டில் பலகையைக் கழற்றியபோது, வயர் போன வழியெங்கும் மரம் கரிந்து கறுத்திருந்தது. எத்தனை நாட்களாகக் கரிந்துகொண்டிருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதே அறையில்தான் குழந்தைகள் படுத்துறங்கினார்கள்.

இந்த மலையில் வெந்நீர் என்பது ஆடம்பரமன்று. முன்பெல்லாம் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை விறகாக எரித்து, அண்டாவில் நீர் காய்ச்சிக் குளிப்போம். பிறகு வாட்டர் ஹீட்டர் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், கெட்டிக்காரப் பிள்ளை, ஈப்போவில் ஹீட்டர் ஒன்று வாங்கிவந்து, ஒரே மாலையில் தாமே மாட்டிவிட்டார். குழாய் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சுவரில் நேராக, அழகாக இருந்தது. மாதக்கணக்கில் குடும்பம் முழுவதும் வெந்நீரில் குளித்தது. அவருடைய தாயார் ஒரு நாள் கோவிலில் என்னைக் கண்டு, “ஏன் தம்பி, குளிக்கிற குழாயைத் தொட்டா கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, வயசான உடம்புக்கு அப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டார்.

அன்று மாலையே போய் மெயினை அடைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். ஹீட்டரிலிருந்து வந்த எர்த் வயர், பெட்டிக்குள் நேர்த்தியாகச் சுருட்டி, டேப் ஒட்டி, எதிலும் சேராமல் விடப்பட்டிருந்தது. ஏனென்றால் அந்தப் பழைய லயத்து வயரிங்கில் சேர்ப்பதற்கு எர்த்தே கிடையாது. 3,600 வாட் ஹீட்டர் பதினைந்து ஆம்பியர் இழுக்கும். அதைப் பதின்மூன்று ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுத்திருந்தார். ஈரத்தரையில் நின்று குளிக்கும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் தனிக் காப்புக் கருவி வேண்டும் என்பது 1994 ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருக்கிறது, அதுவும் இல்லை. அந்த இளைஞரை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் சொன்ன ஒரே வார்த்தை, “நல்லாத்தானே வேலை செஞ்சது, மாமா” என்பது. அதில் பொய் ஏதும் இல்லை.

என் தொழில் முழுவதிலும் நான் கற்றது அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது. பிழை செய்தால் அந்தப் பிழையே உடனே வெளியே வந்து முகம் காட்டும் வேலையைத் தைரியம் உள்ளவர் யாரும் செய்து பழகலாம். பிழை உள்ளே இருந்தும் எல்லாம் நன்றாக நடப்பதாகத் தோன்றுகிற வேலையை, அந்தப் பிழையைத் தேடிச் சோதிக்கும் கருவியும் பயிற்சியும் உடையவனிடம் விட்டுவிட வேண்டும். எர்த் இல்லாத ஹீட்டரும் நீரைச் சூடாக்கும். வேலை நடக்கிறது என்பதையே சோதனையாக வைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தொழில்காரன் என்று வருகிறவர்கள் எல்லோரும் தொழில்காரர்கள் அல்லர் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முறை ஒரு குத்தகைக்காரர் லயம் முழுவதற்கும் புது வயர் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு, ஆட்களை இறக்கி, சில நாட்களில் முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. நான் மெக்கர் வைத்து அளந்தபோது, ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாத காப்புத்தடை, இரண்டு வீடுகளில் அதில் சிறு பகுதிகூட இல்லை. ஒரு வீட்டில் சுவிட்ச் லைவ் வயரை விட்டுவிட்டு நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருந்தது, விளக்கை அணைத்தபின்பும் பல்பு பிடியில் மின்சாரம் நின்றது. வந்தவன் உண்மையான வயர்மேன்தானா என்று வீட்டுக்காரர் அறிந்துகொள்ள, பெரிய படிப்பு வேண்டியதில்லை. எரிசக்தி ஆணையம் கொடுத்த சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். மெயினை அடைத்த பிறகும், டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு தான் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் பழைய இடத்தில் வைத்துப் பார்க்கிறானா என்று கவனிக்கலாம். அந்தப் பழக்கம் உள்ளவன் தன் உயிரையும் பிறர் உயிரையும் மதிப்பவன். புது வயரிங் முடிந்ததும் ஜி பாரமும் எச் பாரமும் கேட்க வேண்டும்: முன்னது வேலையை மேற்பார்த்து முடித்ததற்கும், பின்னது சோதித்துப் பார்த்ததற்கும் சான்று. கேட்டவுடன் முகம் சுளிப்பவனை அடுத்த தடவை அழைக்க வேண்டாம்.

கேஸ் தோம்பு விஷயத்தில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது, செய்யக்கூடாததும் இருக்கிறது. ரப்பர் குழாயிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், வெடிப்புக் கண்ட குழாயை மாற்றுவதும் அவர் வேலை. நாற்றம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

காலம் மாறியிருக்கிறது. முன்பு ஓர் ஆணிப் பெட்டிக்கும் தானா ராத்தா போக வேண்டும், அங்கே இல்லாவிட்டால் வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்க வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சிம்பாங் பூலாய்ப் பாதை கம்போங் ராஜாவுக்கு வந்து சேர்ந்த பிறகு, காலையில் புறப்பட்டு ஈப்போவில் எல்லாச் சாமானும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, லயங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். கையிலிருக்கும் தொலைபேசியில் எந்த வேலையையும் செய்து காட்டும் படம் கிடைக்கிறது. அவற்றை நானும் பார்க்கிறேன், நல்லவை பல. ஆனால் படத்தில் உள்ள வீடு காய்ந்த தேசத்து வீடு. புது வயரும் எர்த்தும் உள்ள வீடு. ஈரச் சுவரும் அரை நூற்றாண்டுப் பழமையும் அந்தப் படத்தில் இல்லை.

கடைசியாக ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மலையில் கதவு இறுகுவது சாதாரணம். மழைமாதத்தில் மரம் ஊதும், இழைப்புளியால் ஓரத்தை இரண்டு இழை இழைத்தால் போதும், அதற்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. 2013 அக்டோபரில், சுல்தான் அபூபக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் சேறும் குப்பையுமாகப் பெர்தாம் பள்ளத்தாக்கு வீடுகளில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு, மலையை வெட்டுவதும் மண் நகர்வதும் பற்றி எங்கள் ஜனங்கள் முன்னைவிடக் கவனமாகப் பேசத் தொடங்கியிருந்த சமயம் அது. ஒரு குடும்பம் சமையற்கட்டை அகலப்படுத்துவதற்காகப் பின்பக்கத்து மேட்டைத் தாங்களே மண்வெட்டியால் செதுக்கி, ஒரு சுவரும் எழுப்பியிருந்தது. சுவர் பார்க்க நன்றாகவே இருந்தது. பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துவாரம் மட்டும் வைக்கவில்லை. கதவு இறுகிற்று, இழைத்தார்கள், சில வாரங்களில் மறுபடியும் இறுகிற்று. பிப்ரவரி மாதம், மழை குறைந்த காலம். மரம் ஊத வேண்டிய காலமன்று என்பதே என்னை யோசிக்க வைத்தது.

கதவுச் சட்டத்தின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு, மேலே போகப் போக அகலமாகி ஏறியது. சிமெண்டுத் தரையில், மலைக்கு இணையாக, மற்றொரு கோடு. வெளியே சாக்கடை சுவரைவிட்டு விலகி, விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினேன். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டிவைத்தேன். சில நாட்களில் கண்ணாடி இரண்டாக விரிந்தது. அதற்கு மேல் அது என் வேலையன்று. குழாயும் கம்பியும் தெரிந்தவன் மண்ணும் தெரிந்தவன் ஆகிவிட மாட்டான். அன்று அந்த வீட்டார் என்னிடம் எதிர்பார்த்ததோ, வெடிப்பைச் சிமெண்டால் பூசிக் கதவை மறுபடி இழைத்துத் தருவதுதான். பூசியிருந்தால் சுவர் அடைபட்டுத் தெரிந்திருக்கும், அவர்களும் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள்.

“மாமா, நீங்களே பார்த்துச் செஞ்சிருங்களேன், வெளி ஆள் வந்தா வீட்டையே காலி பண்ணச் சொல்லுவாங்க” என்று அந்த வீட்டு மருமகள் கெஞ்சியதும் உண்மை. அவள் பயமும் நியாயமானதே. நான் அன்றிரவே குடும்பத்தைக் கோவிலுக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கச் சொல்லிவிட்டு, மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்து, பொதுப்பணித் துறைப் பொறியாளர் வரும்வரை தினமும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து, மேட்டின் உச்சியிலேயே தரையில் பிளவு இருப்பதைக் கண்டார். நான் அவ்வளவு உயரம் ஏறிப் பார்த்திருக்கவில்லை, பார்க்க வேண்டும் என்ற அறிவும் எனக்கு இல்லை. பிளவைக் களிமண்ணால் அடைத்து, மேலே படுதா போர்த்தி, மழைநீர் அந்தப் பக்கம் வராமல் உச்சியில் வாய்க்கால் வெட்டச் சொன்னார். சமையற்கட்டைப் பிரித்துவிட வேண்டும் என்றும், அந்தக் கடைசி இரண்டு வீடுகளில் யாரும் குடியிருக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். வாய்க்கால் வெட்டும் வேலையை லயத்துப் பிள்ளைகளே செய்தார்கள். குடும்பத்துக்கு மேல் வரிசையில் வேறு வீடு கிடைத்தது. பழைய வீட்டின் தகரங்களையும் கதவையும் நான் கழற்றிக் கொடுத்தேன், புது வீட்டின் சமையற்கட்டுக்கு அவற்றை அவர்களே பொருத்திக்கொண்டார்கள்.